பஸ்ஸை நிறுத்த ஒரு ஆம்பளை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது இது. இடம், மதுரைக்கு மேற்கே செக்கானூரணி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு கிராமத்துச் சாலை. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி ஊர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. நீங்கள் எதை நினைத்துக்கொண்டாலும் ஏறக்குறையச் சரியாகத்தான் இருக்கும்.

என் மனைவி செவிலியர். அந்த ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலானதும், காளவாசலில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே குடிபோனோம். எனக்கு வேலை மதுரையில், மதியத்துக்கு மேல். பைக்கில் போய் வந்துவிடுவேன். அதனால் அங்கே பஸ் எப்போது வரும், எப்போது வராது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் வரவில்லை.

காலையில் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட மட்டும் நிறுத்தத்துக்குப் போவேன். நிழற்குடை எதுவும் கிடையாது. ஒரு டிரான்ஸ்பார்மர், எதிரே ஒரு கிலோமீட்டர் கல், அவ்வளவுதான். அங்கே அந்த நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்கள். தூக்குச்சட்டியும் பழைய சட்டையும் வைத்த பையோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், மதுரையில் ஜவுளிக் கடைக்குப் போகிற பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிற ஒருவர். கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார் ஓர் அக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். முழுக்கை வைத்த ரவிக்கை போட்டிருப்பார். வெயிலிலும் அதுதான்.

ஒரு நாள் வேன் போன பிறகு நான் திரும்பி நடக்கும்போது சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களில் ஒருவர் கூப்பிட்டார்.

"சார், ஒரு நிமிசம். பஸ் வாரது வரைக்கும் இங்கன முன்னால வந்து நில்லுங்களேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"நாங்க இம்புட்டுப் பேரு நின்னாலும் அந்த டைவரு கண்ணுக்குத் தெரிய மாட்டோம். ஒரு பேண்ட் சட்டை தெரிஞ்சா பிரேக்கு தன்னால பிடிக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் நின்றேன். பஸ் வந்தது, நின்றது. பெண்கள் எல்லோரும் என்னைத் தாண்டி ஏறிக்கொண்டார்கள். நான் ஏறவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் பாக்கெட்டைத் தடவி, எதையோ வீட்டில் விட்டுவிட்டவன் போலக் கையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

அதன்பின் தினமும் அது என் வேலையாகிவிட்டது. அதற்கென்று ஒரு முறை இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. லுங்கியில் நிற்கக் கூடாது. தோளில் ஒரு பை இருந்தால் நல்லது. போனைப் பார்க்கக் கூடாது, பஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும். கையை உயரத் தூக்கினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். இடுப்புக்கு மேலே லேசாக நீட்டினால் போதும். எனக்கு முன்னால் இந்த வேலையை ஒரு கூரியர்காரர் பார்த்துவந்தாராம். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் இடம் காலியாக இருந்திருக்கிறது. பக்கத்து ஊர்களிலும் இப்படித்தான் என்றார்கள். ஒரு ஊரில் கல்லூரி மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு நிற்கிறார்களாம்.

எல்லா டிரைவர்களையும் சேர்த்துச் சொல்லிவிட முடியாது. சாயங்கால டிரிப்பில் வருகிறவர், வரப்பில் ஒரு பெண் ஓடி வருவதைப் பார்த்தால்கூட நிறுத்திக் காத்திருப்பார். காலை டிரிப்பில்தான் இந்தச் சிக்கல். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று வந்த பிறகு அந்த பஸ்ஸில் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஊருக்கு வரும்போதே படியில் ஆள் தொங்கும். ஏறுகிறவர்கள் பெண்கள் மட்டும் என்றால் வேகம் குறையாது.

கண்டக்டருக்கு என் நாடகம் மூன்றாவது நாளே புரிந்துவிட்டது. "தெனமும் எதையாச்சும் மறந்துட்டு வாரீங்களேண்ணே. வல்லாரை வாங்கிச் சாப்பிடுங்க," என்றார். ஆனால் டிரைவரிடம் சொல்லவில்லை. விசில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முழுக்கை ரவிக்கை போட்ட அக்கா வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், செவ்வாயும் வெள்ளியும். நான் அவரைச் சந்தைக்குப் போகிறவர் என்று நினைத்திருந்தேன். என் மனைவிதான் சொன்னார். அந்த அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பத்து மணிக்குள் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். தாமதமானால் அவருக்கான இயந்திரம், காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அவர்களும் இதே நிலையில் இருப்பவர்கள்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு முறை விட்டுப்போனால் கால் வீங்கும். இரண்டு முறை விட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று மனைவி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். வாரக் கடைசியில் வருவார். ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். அங்கே போய்விட்டால் மதுரைக்கு எத்தனையோ பஸ். ஆனால் அந்த நாலு கிலோமீட்டரை அவரால் நடக்க முடியாது. ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால்தான் நகரும். அது எப்போது நிறையும் என்பது டிரைவருக்கே தெரியாது. மினி பஸ் சொன்ன நாளில் வராது. கப்பலூருக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன் ஒன்று அந்த வழியாகத்தான் போகும். அதில் கம்பெனி அட்டை இருந்தால்தான் ஏறலாம். காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது பத்தரைக்கு மேல். அவர் உயிரோடு இருப்பது அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு நாங்கள் மனைவியின் ஊருக்குப் போய்விட்டோம். வெள்ளிக்கிழமை பஸ் நிற்காமல் போயிருக்கிறது. அக்கா காத்திருந்து அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறார். இயந்திரங்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திங்கள் இரவு நாங்கள் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டில் இதைச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். மகளைக் கூட்டிப் போகும் வேலை இல்லாததால் நான் எழுந்ததே தாமதம். மனைவி அடுப்படியிலிருந்து, "இன்னைக்குச் செவ்வாக்கிழமைல்ல?" என்றார். அப்போதுதான் உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, மழைக்கு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

நிறுத்தத்தில் பெண்கள் டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி, பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அக்கா கல்லில் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. கண் இமைகள் தடித்து, ஆளே வேறு மாதிரி தெரிந்தார். ஒவ்வொரு மூச்சையும் தோளைத் தூக்கித்தான் இழுத்தார். காலில் செருப்பு ஏறாமல் அதைக் கையில் வைத்திருந்தார்.

பைக்கை ஓரத்தில் விட்டேன். அதற்குள் வளைவில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. நான் ஓடிப்போய் முன்னால் நின்று வழக்கம்போலக் கையை நீட்டினேன். பஸ் வேகம் குறையவில்லை. விசிறிபோலத் தண்ணீரை அடித்துக்கொண்டு நேரே வந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பைக் வைத்திருப்பவன் பஸ்ஸில் ஏற மாட்டான். டிரைவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

அக்கா கல்லிலிருந்து எழுந்தார். என்னைத் தாண்டிப் போனார். ஓடவில்லை, கையை ஆட்டவில்லை. ரோட்டின் நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டுக்குப் போய், பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிரேக் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பஸ்ஸின் பின்பக்கம் லேசாக ஒதுங்கி, ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கி, நின்றது. பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. உள்ளே யாரோ விழுந்த சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது.

படியில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர்தான் முதலில் கத்தினார். "ஏம்மா, சாகுறதுக்கு எங்க பஸ்ஸுதான் கெடச்சுச்சா?"

"சாகாம இருக்கத்தான் தம்பி வாரேன்," என்றார் அக்கா.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பஸ்ஸின் முகப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்குக்கா," என்றார். கோபமாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கிவிட்டது. "படியில தொங்கிட்டு வாராய்ங்க. எவனாச்சும் விழுந்தா என்னையத்தான் கேப்பாய்ங்க. டயத்துக்குப் போகலேன்னா அதுக்கும் என்னையத்தான் கேப்பாய்ங்க. எங்கிட்டுத்தான் நான் போறது?"

அக்கா ரவிக்கையின் இடது கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். நரம்பு கயிறு மாதிரி புடைத்து, மேலெல்லாம் ஊசித் தழும்பு. "வாரத்துக்கு ரெண்டு நா இதுல குத்தி ரத்தத்தக் கழுவுறாங்க. போன வாட்டி நீ நிப்பாட்டல. மெசினு போச்சு. இன்னைக்கும் போச்சுன்னா அடுத்த வாரம் நீ நிப்பாட்ட வேண்டிய தேவையே இருக்காது."

டிரைவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வேறு எங்காவது பார்க்க வேண்டும் என்பதுபோல என் பக்கம் திரும்பினார். என் தலையில் ஹெல்மெட், பின்னால் பைக்.

"சாரே, நீங்க பைக்ல கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. எனக்கும் அந்த நொடியில் அது தோன்றியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"இன்னைக்குக் கூட்டிட்டுப் போவாரு. வெள்ளிக்கிழமை யாரு? அதுக்கு அடுத்த செவ்வாக்கிழமை யாரு? இவரு நல்லவருதான். அதுக்காக நான் உசுரோட இருக்க வேண்டிய நாளெல்லாம் இவரு ஊர்ல இருந்தாகணுமா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார், "எனக்குத் தெரியாதுக்கா. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்கன்னு தெரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருப்பேன்ல."

அதோடு விஷயம் முடிந்திருக்கும். கோபம் தணிந்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்கிறார், எல்லோருக்கும் இரக்கம் வந்துவிட்டது, ஏறிப் போய்விடலாம். நானாக இருந்தால் ஏறியிருப்பேன். அக்கா ஏறவில்லை. மூச்சு வாங்க, ரோட்டிலேயே நின்றார். அருகில் நின்ற சித்தாள் பெண்ணைக் கையால் காட்டினார்.

"தெரிஞ்சாத்தான் நிப்பாட்டணுமா? இவ வேலை பாக்குற எடத்துக்கு ஒம்பதுக்குப் போகலேன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவான். அந்தப் பிள்ள கடைக்குப் போகுது. இவுகளுக்கு என்ன சீக்கு இருக்குன்னு காட்டச் சொல்லுவ? எனக்காக நிப்பாட்ட வேணாம் தம்பி. இது ஸ்டாப்பு. ஸ்டாப்புன்னு நிப்பாட்டு."

டிரைவர் போய் அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் படியில் நின்றவர்களை இறக்கி வழிவிடச் செய்தார். முதலில் கத்திய ஆள்தான் அக்காவின் பையை வாங்கி உள்ளே கொடுத்தார். எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக ஏறிய சித்தாள் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல் வந்தது.

"தலையில சட்டியக் கவுத்துட்டு நின்னா எவன் சார் நிப்பாட்டுவான்?"

பஸ் போன பிறகு எனக்கு வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. பின்னாலேயே பைக்கில் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. நாகமலை தாண்டும் வரை மழை விடவில்லை. வழியில் இன்னும் இரண்டு ஊர் நிறுத்தங்களில் பெண்கள் நின்றார்கள். இரண்டிலும் பஸ் நின்றது. ஒன்றில் ஓர் ஆண்கூட இல்லை. ஏற முடியாத கூட்டத்தில் எப்படியோ ஏறினார்கள்.

காளவாசலில் இறங்கி கோரிப்பாளையம் போகும் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். பெய்த மழையில் சந்திப்பு முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. கோரிப்பாளையம் பஸ் ஒன்று புறப்பட்டு நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் எங்கள் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து, தண்ணீரில் சளசளவென்று ஓடிப்போய், அந்த பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். அது நின்றது. ஜவுளிக் கடைப் பெண்கள் இருவர் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அக்காவை இறக்கி, அதில் ஏற்றினார்கள். எங்கள் டிரைவர், அந்த பஸ் கிளம்பும் வரை தன் பஸ்ஸை நகர்த்தாமல் வைத்திருந்தார். பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அங்கேயே திரும்பிவிட்டேன். என்னால் ஆக வேண்டியது எதுவும் அங்கே இல்லை.

அக்காவுக்கு அன்று இயந்திரம் கிடைத்தது. பெயரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்தவரை அழைக்கப் போகும் நேரத்தில் போய் நின்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை நிறுத்தத்தில் பார்த்தபோது முகம் வற்றி, பழைய ஆளாக இருந்தார். செருப்பு போட்டிருந்தார். நான் வழக்கம்போல முன்னால் போய் நிற்கப் போனேன்.

"தம்பி, நீங்க அங்கிட்டே இருங்க. நாங்க நின்னு பாக்குறோம்," என்றார்.

பெண்கள் எல்லோரும் தார் ரோட்டின் ஓரத்துக்கு வந்து வரிசையாக நின்றார்கள். யாரும் கையை நீட்டவில்லை. பஸ் வளைவில் திரும்பியது. பஸ் வேகம் குறைந்து, அவர்களுக்கு நேராகக் கதவு வரும்படி நின்றது. டிரைவர் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அக்காவும் அவரிடம் எதுவும் பேசவில்லை. நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

கதை இங்கே முடிந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த டிரைவர் இருந்தவரை பஸ் நின்றது. சில மாதங்களில் அவருக்கு வேறு வழித்தடம் கொடுத்துவிட்டார்கள். புதிதாக வந்தவர் முதல் நாள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினார். எல்லோரும் ஓடினார்கள், அக்காவைத் தவிர. அவர் தன் நடையில்தான் போனார். மற்றவர்கள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று அவர் வந்து சேரும்வரை பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தார்கள். இன்னொரு நாள் பஸ் நிற்கவே இல்லை. நல்ல வேளையாக அது புதன்கிழமை. பெண்கள் சேர்ந்து டெப்போவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். இப்போது பெரும்பாலும் நிற்கிறது. பெரும்பாலும் என்கிற வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா இன்றும் செவ்வாயும் வெள்ளியும் போய் வருகிறார். நாங்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறோம். பைக்கில் போகும்போது அவர் நிற்பதைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பேன். அவர் ஒரு தலையசைப்பில் என்னைப் போகச் சொல்லிவிட்டு பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொள்வார்.

தினமும் காலையில் சில நிமிடங்கள் நின்று, ஏழெட்டுப் பேருக்கு உதவி செய்கிறேன் என்ற திருப்தியில் நான் பல மாதங்கள் இருந்தேன். அது உதவிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஊரில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையில் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிட்டது. இப்போது யாருக்காவது ஒன்று செய்துகொடுக்க முன்வரும்போதெல்லாம், நான் இல்லாத நாளில் இவர் என்ன செய்வார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.